பித்தப்பை அகற்றி ஏழாண்டுகள்: பரிசோதனைகள் சரியாக இருந்தும் வயிறு ஏன் சரியாகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 48. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பித்தப்பையில் கற்கள் இருந்து அடிக்கடி கடுமையான வலி வந்ததால், ஏழு ஆண்டுகளுக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றினார்கள். அந்த வலி அதோடு நின்றுவிட்டது. ஆனால் சில மாதங்களிலேயே சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடும் நிலை தொடங்கியது. கடந்த மூன்றாண்டுகளாக மிகவும் கூடிவிட்டது. காலை உணவு முடித்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று முறை நீராகப் போகிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், ஆசனவாயில் எரிச்சல், மேல் வயிற்றில் உப்புசம். எடை குறையவில்லை, இரத்தம் போகவில்லை. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, கல்லீரல் பரிசோதனை எல்லாம் 'நார்மல்'. ஒருவர் வாயு என்றார், ஒருவர் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்றார், ஒருவர் மனத்தில்தான் இருக்கிறது என்றார். இன்னொருவர், பித்தநாளத்தின் வாயில் உள்ள தசை இறுகியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி வழியாக அதை வெட்டிப் பார்க்கலாம் என்கிறார். தைராய்டு மாத்திரையும், மூன்றரை ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், பல ஆண்டுகளாக இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் எடுத்துக்கொள்கிறேன். பள்ளி நாள்களில் காலை உணவுக்குப் பிறகு மாலை வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை, இரவில்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். பித்தப்பையை எடுத்ததே தவறா? என் தங்கைக்கும் இப்போது கல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தாள்களை முழுவதும் படித்துப் பார்க்கிற மருத்துவர்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் குறிகள், அதாவது அறுவை சிகிச்சைக்குப் பின் தொடங்கியது, காலை உணவுக்குப் பின் உச்சமடைவது, மஞ்சள்-பச்சை நிறம், எரிச்சல், அடக்க முடியாத அவசரம் ஆகியவை சேர்ந்து, நன்கு அறியப்பட்ட ஒரு காரணத்தை வலுவாகச் சுட்டுகின்றன. பித்த அமிலங்கள் பெருங்குடலுக்குள் அளவுக்கு மீறி இறங்குவதால் உண்டாகும் வயிற்றுப்போக்கு அது. உங்களுக்குச் செய்யப்பட்ட பரிசோதனைகளில் ஒன்றுகூட அதைக் கண்டறியக் கூடியது அல்ல. ஸ்கேன் கல்லைக் காட்டும், நாளம் வீங்கியிருந்தால் காட்டும். எண்டோஸ்கோப்பி புண்ணைக் காட்டும். கொலோனோஸ்கோப்பி கட்டியையும் அழற்சியையும் காட்டும். பித்த அமிலம் எவ்வளவு இறங்குகிறது என்பதை இவற்றில் எதுவும் காட்டாது. ஆகவே உங்கள் அறிக்கைகள் எல்லாம் 'நார்மல்' என்பதற்கு, ஆபத்தான சில நோய்கள் இல்லை என்று மட்டுமே பொருள். உங்களுக்கு நோயே இல்லை என்று பொருள் கொள்ள இடமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி ஒரு நோயாளியிடம் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்புவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

உடலுக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தால், பின்னால் சொல்லப்போகும் மருத்துவமும் உணவு முறையும் எதற்கென்று உங்களுக்கே விளங்கிவிடும். கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை 30 முதல் 50 மில்லி லிட்டர் வரைதான் கொள்ளும் என்றாலும், வருகிற நீரை உறிஞ்சிப் பித்தத்தைக் கெட்டியாக்கிச் சேமித்து, கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்குள் நுழையும்போது சுருங்கி அதை வெளியே தள்ளுகிறது. பித்தத்தில் உள்ள அமிலங்கள் கொழுப்பைக் கரைத்துச் செரிக்க வைத்த பிறகு வீணாவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அவற்றில் நூற்றுக்கு 95 பங்கு உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கே திரும்பி, மறுபடியும் பித்தத்தில் சேர்கின்றன. இந்தச் சுற்று ஒரு நாளில் பல முறை நடக்கிறது. பித்தப்பை இல்லாதபோது சேமித்து வைக்க இடமில்லாததால், இரவும் பகலும் பித்தம் சிறிது சிறிதாகக் குடலுக்குள் வழிந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சிறுகுடலின் கடைப்பகுதி எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அந்த உறிஞ்சும் திறனை மீறி அமிலம் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது. பெருங்குடலின் சுவர் பித்த அமிலத்தைத் தாங்காது. உப்பையும் நீரையும் உள்ளே சுரந்து, வேகமாகச் சுருங்கி, இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கும். உங்களுக்கு வரும் அவசரமும் எரிச்சலும் இதிலிருந்து வருபவை. பித்தத்தின் நிறம் மாற நேரமில்லாமல் வேகமாக வெளியேறுவதால் மலம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. இரவு முழுவதும் குடலுக்குள் வழிந்து தேங்கிய பித்தம், காலையில் முதல் கவளம் இறங்கி குடல் அசையத் தொடங்கியதும் ஒரேயடியாகக் கீழே போவதால் காலை உணவு வேளை உங்களுக்கு மிக மோசமான வேளையாக இருக்கிறது.

'அப்படியானால் நான்காண்டுகள் ஓரளவு தாங்கிய உடம்பு, கடந்த மூன்றாண்டுகளாக ஏன் தாங்கவில்லை?' என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கடிதத்திலேயே அதற்கு ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மெட்ஃபார்மின் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்லை கூடியது மூன்றாண்டுகளாக. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, சர்க்கரை நோய்க்கு முதலில் தரப்படும் மருந்து. ஆனால் வயிற்றுப்போக்கு அதன் மிகப் பரவலான பக்க விளைவு, பித்த அமிலங்கள் சிறுகுடலில் திரும்ப உறிஞ்சப்படுவதையும் அது குறைக்கிறது. பித்தப்பை இல்லாத ஒருவருக்கு அது இரட்டைச் சுமை. சர்க்கரைக்கு மருந்து தருகிற மருத்துவரும் வயிற்றுக்கு மருந்து தருகிற மருத்துவரும் வேறு வேறு ஆள்களாக இருக்கும்போது இந்தத் தொடர்பு எவர் கண்ணிலும் படாமல் போய்விடுவதுண்டு. நீங்களாக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் சர்க்கரை மருத்துவரிடம் இதைச் சொல்லி, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறலாமா, அளவைக் குறைக்கலாமா, அல்லது இரண்டு மூன்று வாரங்களுக்கு வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் வயிற்றுப்போக்கு வரும்; தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கவனியுங்கள். பால் கலந்த காபி, தேநீர் ஆகியவற்றை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க இயலாமை நம் பகுதியில் பெரியவர்களிடம் மிகப் பரவலாக உண்டு. தயிரில் அது குறைவு என்பதால் தயிரை விட வேண்டியதில்லை.

இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்தப் பதிலின் முக்கியமான பகுதி இது. அறுவை சிகிச்சை நடந்த உடம்பில் பின்னால் வருகிற எல்லாவற்றையும் அந்த அறுவை சிகிச்சையின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் நோயாளிகளிடமும் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. பித்த அமிலங்கள் உறிஞ்சப்படும் அந்தச் சிறுகுடல் கடைப்பகுதிதான் நம் நாட்டில் குடல் காசநோய் மிக விரும்பித் தங்குகிற இடமும். கிரோன்ஸ் என்னும் அழற்சி நோயும் அங்கேதான் பெரும்பாலும் தொடங்குகிறது. அந்தப் பகுதி நோயுற்றால், பித்தப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பித்த அமிலம் கீழே இறங்கத்தான் செய்யும். எனவே உங்கள் கொலோனோஸ்கோப்பி அறிக்கையை எடுத்து, கருவி சிறுகுடலின் கடைப்பகுதிக்குள் நுழைந்து பார்த்ததாக எழுதியிருக்கிறதா, பெருங்குடலின் பல இடங்களிலிருந்து சதைத்துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்களா என்ற இரண்டையும் பாருங்கள். சதைத்துணுக்கு எடுக்கவில்லையென்றால் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் பெருங்குடல் அழற்சி என்ற நோயை விலக்க முடியாது. கண்ணுக்குக் குடல் முழுக்க நன்றாகவே தெரியும், நீர்போன்ற வயிற்றுப்போக்கு மட்டும் ஓயாது. அது நடுவயதிலும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் அதிகம், பான்டோப்ரசோல் வகை மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்களுக்கு இரண்டும் பொருந்துகின்றன. அந்த மாத்திரையை இத்தனை ஆண்டுகள் எடுப்பதற்கு இன்றும் காரணம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். 'வாயுவுக்கு' என்று தொடங்கி, ஏன் தொடங்கினோம் என்பதே மறந்து தொடரும் மருந்துகளில் அது முதலிடம் பெறுகிறது.

தமிழ்நாட்டில் வாழ்பவர் என்பதால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் 1960களிலும் 70களிலும் பழைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் பரவலாகக் கண்டு ஆராய்ந்த வெப்பமண்டலச் சிறுகுடல் உறிஞ்சாமை நோய் இப்போது அரிதாகிவிட்டது, ஆனால் அற்றுப்போய்விடவில்லை. உங்கள் எடை குறையவில்லை என்பதால் அதன் வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரத்தத்தில் பி12, ஃபோலிக் அமிலம், இரத்த அணுக்களின் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மின், பான்டோப்ரசோல் இரண்டுமே பி12 அளவைக் குறைக்கக் கூடியவை என்பதால் உங்களுக்கு அது எப்படியும் தேவையான பரிசோதனை. மலத்தில் ஜியார்டியா கிருமி இருக்கிறதா என்பதையும், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கணையம் சரியாக வேலை செய்கிறதா என்று மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனை செய்ய வேண்டும்; நீங்கள் அப்படி எழுதவில்லை.

பித்தநாளத் தசையை வெட்டும் யோசனைக்கு வருகிறேன். கல்லீரலிலிருந்து வரும் நாளம் சிறுகுடலில் திறக்கிற வாயில் உள்ள தசையை இத்தாலியரான ருஜ்ஜெரோ ஓடி 1887-இல் விவரித்தார். அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. அந்தத் தசை இறுகினால் வலது மேல் வயிற்றில் விட்டுவிட்டு வலி வரும், வலி வந்த நேரத்தில் எடுத்த இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் கூடியிருக்கும், நாளம் விரிந்திருக்கும். உங்களுக்கு வலி இல்லை, நொதிகள் கூடவில்லை, நாளம் விரியவில்லை. வயிற்றுப்போக்கு அந்தத் தசையால் வருவதில்லை. வலி உள்ளவர்களிலேயே, நாள விரிவோ நொதி உயர்வோ இல்லாதவர்களுக்குத் தசையை வெட்டுவதும் வெட்டுவதுபோல் பாவனை செய்வதும் ஒரே பலனைத்தான் தந்தன என்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டியவர்களின் நிலை மேலாக இருக்கவில்லை. அந்தச் சிகிச்சையால் கணைய அழற்சி வரக்கூடும், சில நேரங்களில் அது உயிருக்கே ஆபத்தாகும். இப்போதுள்ள நிலையில் நீங்கள் அதற்கு உடன்பட வேண்டாம் என்பதே என் கருத்து. நாளத்தில் கல் தங்கியிருக்குமோ என்ற ஐயம் மருத்துவருக்கு எழுந்தால், உள்ளே எதையும் நுழைக்காமல் பார்க்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் போதும்.

பித்த அமிலத்தை அளக்க நேரடிப் பரிசோதனைகள் இருக்கின்றன. செலீனியம் கலந்த ஒரு மாத்திரையை விழுங்கவைத்து, ஏழு நாள் கழித்து உடம்பில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் முறை பிரிட்டனிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் வழக்கத்தில் இருக்கிறது. 15 விழுக்காட்டுக்குக் குறைவாக மிஞ்சினால் அமிலம் வீணாகிறது என்று கொள்வார்கள். நம் ஊர்களில் அது எளிதில் கிடைக்காது என்பதால், மருந்தைக் கொடுத்துப் பார்த்து, பலன் வருகிறதா என்பதைக் கொண்டே நோயை உறுதிசெய்வது வழக்கம். பல நாடுகளில் பரிசோதனை வசதி இல்லாத இடங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். மருந்தின் பெயர் கொலஸ்டிரமின். 4 கிராம் பொட்டலமாக வரும் தூள். இரத்தத்தில் கொழுப்பைக் குறைப்பதற்காகத் தொடங்கிய பழைய மருந்து. அது உடம்புக்குள் உறிஞ்சப்படுவதே இல்லை. குடலுக்குள்ளேயே பித்த அமிலங்களைப் பிடித்துக் கட்டிவைத்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. கட்டுண்ட அமிலம் பெருங்குடலைத் தொல்லை செய்யாது. பெரும்பாலும் அரைப் பொட்டலத்திலோ ஒரு பொட்டலத்திலோ தொடங்கி, காலை உணவை ஒட்டித் தண்ணீரிலோ மோரிலோ நன்றாகக் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். மணல் கலந்ததுபோல் நாக்கில் உறுத்தும்; முதல் சில நாள் உப்புசம் சற்றுக் கூடலாம்; அளவு மிஞ்சினால் மலச்சிக்கல் வரும், அப்போது குறைத்துக்கொள்ள வேண்டும். காரணம் பித்த அமிலம்தான் என்றால் சில நாள்களிலேயே, அதிகம் போனால் இரண்டு வாரங்களில், வேறுபாடு நன்றாகத் தெரியும். அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். கூட்டியும் பலன் இல்லையென்றால் காரணம் வேறு என்று கொண்டு, மேலே சொன்ன மற்றவற்றுக்குத் திரும்ப வேண்டும். சிறிய ஊர்களின் மருந்துக் கடைகளில் இது கைவசம் இல்லாமல் போகலாம், முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கலாம். தூளைக் குடிக்க முடியாதவர்களுக்குக் கோலிசெவெலம் என்ற மாத்திரை உண்டு. அது சர்க்கரையையும் ஓரளவு குறைக்கும் என்பது உங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் நன்மை.

இந்த மருந்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பித்த அமிலத்தைப் பிடிப்பதுபோலவே மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும். உங்கள் தைராய்டு மாத்திரை அதில் முதலாவது. இரண்டையும் ஒரே வேளையில் எடுத்தால் தைராய்டு மாத்திரை குடலிலேயே மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும். ஓரிரு மாதங்களில் சோர்வும் எடைகூடலும் வந்து, அதற்கு வேறொரு காரணம் தேடத் தொடங்குவார்கள். மற்ற மருந்துகளை இந்தத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுப்பது பொது விதி. தைராய்டு மாத்திரைக்கு இரு பக்கமும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் இந்தத் தூளைக் குடிப்பதானால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.எச். அளவைத் திரும்பப் பாருங்கள். இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்து அதை மேலும் கூட்டும் என்பதால் தொடங்குவதற்கு முன் அதையும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம்; அதற்கும் கண்காணிப்பு உண்டு.

உணவைப் பொறுத்தவரை, நீங்கள் இப்போது செய்வது உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. பள்ளி முடியும் வரை பட்டினி கிடந்து இரவில் வயிறு நிறையச் சாப்பிடுவதற்கான காரணம் எனக்குப் புரிகிறது; வகுப்பில் நிற்கும்போது அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற அச்சம்தான். ஆனால் பட்டினி கிடக்கும் நேரத்திலும் பித்தம் குடலுக்குள் வழிந்துகொண்டுதான் இருக்கிறது, பிடித்துக்கொள்ள உணவில்லாமல் தேங்குகிறது. அதன்மேல் எண்ணெயும் தேங்காயும் நிறைந்த பெரிய உணவு ஒன்று விழும்போது எல்லாம் சேர்ந்து கீழே போகிறது. மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் எடுப்பதும் வயிற்றைப் புரட்டும். ஒரு நாளைய உணவை ஐந்தாறு சிறு பங்குகளாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். மொத்த அளவைக் கூட்டாமல் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஏறும். எண்ணெய், நெய், தேங்காய் ஆகியவற்றை அறவே நீக்க வேண்டாம், ஒரே வேளையில் குவியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பரோட்டாவும் சால்னாவும், பஜ்ஜி, பூரி, தேங்காய்ப்பால் குழம்பு, பிரியாணி போன்றவை ஒரே வேளையில் நிறையக் கொழுப்பைக் கொண்டுவருபவை. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், அவித்த முட்டை, குழம்பில் வெந்த மீன் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. நீரில் கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தை ஓரளவு பிடித்துவைக்கும் என்பதால் ஓட்ஸ், வெண்டைக்காய், ஊறவைத்த வெந்தயம் ஆகியவற்றைச் சிறிய அளவில் சேர்த்துப் பாருங்கள். இசப்கோல் ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கலந்து எடுப்பதும் மலத்தைக் கட்டியாக்கும். காலைக் காபி பெருங்குடலைத் தூண்டும். அதை நிறுத்தச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் பள்ளி நாள்களிலாவது பகல் இடைவேளைக்குத் தள்ளிப் பாருங்கள்.

தயிர் சாதமும் ரசமும் தவிர வேறெதையும் தொட அஞ்சி ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு நாள் வயிறு கெட்டால் அன்று சாப்பிட்டது எதுவோ அதை நீக்குவது, மறுநாள் கெட்டால் இன்னொன்றை நீக்குவது என்று போய், கடைசியில் தட்டில் எதுவும் மிஞ்சாமல் புரதமும் இரும்பும் குறைந்துபோகிறார்கள், வயிறும் சரியாவதில்லை. எதையும் நீக்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் போனது, எப்படிப் போனது, எந்த மாத்திரை எப்போது, அன்று மாதவிடாயா, தூக்கம் எப்படி. மருத்துவரிடம் செல்லும்போது இந்த நோட்டையும் ஏழாண்டுகளுக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுபோங்கள். அவருக்கு உங்களோடு பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் வாய்ச்சொல்லைவிட அந்த நோட்டு கூடுதலாகப் பேசும். 'பித்த அமிலத்தால் இது வந்திருக்குமா, மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?' என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார்.

'மனத்தில்தான் இருக்கிறது' என்ற சொல் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு; பதற்றம் குடலின் வேகத்தைக் கூட்டும்; ஆனால் எந்த நேரம் ஓட வேண்டியிருக்குமோ என்று ஏழாண்டுகள் வாழ்ந்தவருக்குப் பதற்றம் வராமல் இருந்தால்தான் வியப்பு. பதற்றம் இங்கே விளைவாக வந்து, பின்பு தொல்லையைக் கூட்டும் காரணமாகவும் ஆகிறது. ஐ.பி.எஸ். என்பதும் உண்மையான நோய்தான்; வயிற்றுப்போக்கு மிகுந்த ஐ.பி.எஸ். என்று பெயரிடப்பட்டவர்களில் கணிசமானோருக்கு அடியில் பித்த அமிலக் கோளாறு இருப்பது இன்று தெரிந்திருக்கிறது. பித்த அமிலத்துக்கான மருந்து பாதிப் பலனே தந்தால், அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில், 10 மில்லி கிராமில் தொடங்கிக் கொடுப்பதுண்டு; அந்த அளவில் அது மனநோய்க்கான சிகிச்சையாகத் தரப்படுவதில்லை, குடலின் வேகத்தையும் குடல் நரம்புகளின் கூர்மையையும் தணிப்பதற்காகத் தரப்படுகிறது. பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட நன்றாகப் பலன் தந்தது. மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் அஞ்சவேண்டாம்.

இவையெல்லாம் நடந்து முடிய ஓரிரு மாதங்கள் ஆகலாம். அதுவரை வகுப்புக்கும் பேருந்துப் பயணத்துக்கும் ஒரு வழி வேண்டும். லோபெரமைடு 2 மில்லி கிராம் மாத்திரையை மருத்துவரின் அனுமதியோடு, காய்ச்சலோ இரத்தமோ இல்லாத நாள்களில், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளலாம். அது தற்காலிக உதவி, அளவை மீறக் கூடாது. தலைமையாசிரியரிடம் உங்களுக்கு ஒரு குடல் நோய் இருக்கிறது, சில நேரம் வகுப்பிலிருந்து உடனே வெளியேற வேண்டியிருக்கும் என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்; கழிப்பறைக்கு அருகில் உள்ள வகுப்பறையையும், முதல் பாடவேளைக்கு விடுப்பையும் கேட்பது உங்கள் உரிமை. எரிச்சலுக்கு, ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து உலர்த்தி, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், சோப்பு வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, மாலைக் காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்து மலம் வெளுத்தல், குளிர்காய்ச்சலோடு வலது மேல் வயிற்று வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பித்தப்பை போன பிறகும் பித்தநாளத்தில் கல் உருவாக முடியும்.

பித்தப்பையை எடுத்தது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. கல்லும் வலியும் சேர்ந்து இருந்த நிலையில் விட்டுவைத்திருந்தால், பித்தப்பை சீழ்பிடிப்பது, கல் நாளத்தில் இறங்கி மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ உண்டாக்குவது ஆகிய ஆபத்துகள் இருந்தன. கார்ல் லாங்கென்பூக் 1882-இல் பெர்லினில் முதன்முதலாக இந்த அறுவை சிகிச்சையைச் செய்த காலத்திலிருந்து இன்றுவரை, பித்தப்பை இல்லாமல் நலமாக வாழ்பவர்களே மிகப் பெரும்பான்மை. ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு வயிற்றுப்போக்கு வரக்கூடும் என்பதை அறுவைக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இத்தனை ஆண்டுகள் நீங்கள் தனியாகத் தவித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் தங்கைக்குச் செய்யவேண்டிய முதல் வேலை, கல் எப்படித் தெரியவந்தது என்று கேட்பது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, வலியே வந்ததில்லை என்றால், பெரும்பாலும் அறுவை தேவையில்லை; அத்தகைய கற்கள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் அமைதியாகவே இருந்துவிடுகின்றன. வெறும் ஏப்பமும் உப்புசமும் மட்டும் இருந்து, அவை போகும் என்று நம்பிப் பித்தப்பையை எடுத்தால், பித்தப்பை போய் ஏப்பமும் உப்புசமும் இருந்துவிடும். வலது மேல் வயிற்றிலோ நடுவயிற்றிலோ அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவுகிற கடும் வலி வந்திருந்தால், அல்லது காமாலையோ கணைய அழற்சியோ வந்திருந்தால், தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும். 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், 1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பித்தப்பைக் கட்டி, சுண்ணாம்பு படிந்து இறுகிய பித்தப்பைச் சுவர் ஆகியவை இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அறுவை மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். உங்கள் தங்கை இவற்றில் எந்த வகையில் வருகிறார் என்பதை ஸ்கேன் தாளோடு ஓர் அறுவை மருத்துவரிடம் காட்டி அறிந்துகொண்டு, அதன் பிறகு முடிவெடுக்கட்டும். உங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து அஞ்சி, எடுக்க வேண்டிய பித்தப்பையை அவர் விட்டுவைக்கக் கூடாது.